“உம்முடைய ராஜ்யம் வருவதாக”: தேவனுடைய ராஜ்யத்தைக் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்ற வரியை நாம் ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். இயேசுவின் போதனை முழுவதும் அந்த ஒரு வரியைச் சுற்றியே நிற்கிறது என்பதை எடுத்துச் சொன்ன பிறகே பலர் கவனிக்கிறார்கள். வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. வசனங்கள், வேறுவிதமாகக் குறிப்பிட்ட இடங்கள் தவிர, தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

தேவனுடைய ராஜ்யம் என்றால் என்ன?

தேவன் ராஜாவாக ஆளுகை செய்வதே தேவனுடைய ராஜ்யம். அவருடைய சித்தம் எங்கே தடையின்றி நிறைவேறுகிறதோ, அங்கே அவருடைய ராஜ்யம் இருக்கிறது. ஜெபத்தில் “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்ற வரிக்கு அடுத்ததாக “உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக” என்று வருகிறது; முதல் வரிக்கு இயேசுவே தந்த உரை இரண்டாவது வரி என்று கொண்டால் பெரும்பாலும் தவறாது. மாற்கு சுவிசேஷத்தில் இயேசு வாய் திறந்து பேசும் முதல் வாக்கியமும் இதைப் பற்றியதே: “காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று, மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்.”

ராஜ்யம் என்றால் எல்லைகளுள்ள ஒரு நாடு அல்லவா?

தமிழ்க் காதுக்கு அப்படித்தான் ஒலிக்கிறது. ராஜ்யம் என்றவுடன் கோட்டையும் எல்லையும் குடிகளும் நினைவுக்கு வருகின்றன. சுவிசேஷங்களின் கிரேக்க மூலத்தில் உள்ள ‘பசிலேயா’ என்னும் சொல்லுக்கும், அதன் பின்னணியிலுள்ள ‘மல்கூத்’ என்னும் எபிரெயச் சொல்லுக்கும் நிலப்பரப்பு என்ற பொருளும் உண்டு. ஆனால் முதற்பொருள் அரசுரிமை, ஆளும் அதிகாரம் என்பதே. இதற்கு லூக்கா 19ஆம் அதிகாரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. பிரபுவாகிய ஒருவன் “ஒரு ராஜ்யத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பிவரும்படி” தூரதேசத்துக்குப் போனான் என்று அங்கே ஓர் உவமை தொடங்குகிறது. ராஜ்யம் நிலமானால் அதைப் பெற்றுக்கொண்டு எப்படித் திரும்பி வருவான்? அவன் பெற வேண்டியது தன் சொந்த ஊர்மேல் ஆளுகை செய்யும் உரிமை. கேட்டவர்களுக்கு இது பழக்கமான செய்தி: பெரிய ஏரோது கி.மு. 40இல் ரோம் நகரத்துக்குப் போய்த்தான் யூதேயாவின் அரசுரிமையைப் பெற்றான், அவன் கி.மு. 4இல் இறந்தபின் மகன் அர்கெலாயுவும் அதே காரியத்துக்காக ரோமுக்குக் கப்பலேறினான்.

1995இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு பல இடங்களில் ‘இறையாட்சி’ என்றும், மத்தேயுவில் ‘விண்ணரசு’ என்றும் எழுதுவது இந்தக் காரணத்தால் மிகவும் பொருத்தமானது. ‘ராஜ்யம்’ என்ற சொல்லோடு வளர்ந்தவன் நான். அதை விட மனம் வருவதில்லை. ஆயினும் அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் ‘ஆட்சி’ என்று ஒருமுறை மனதுக்குள் மாற்றி வாசித்துப் பார்க்கும்படி எல்லோருக்கும் சொல்லுகிறேன். பல வசனங்கள் அந்த ஒரு மாற்றத்தினாலேயே விளங்கிவிடுகின்றன.

பரலோகராஜ்யம் வேறு, தேவனுடைய ராஜ்யம் வேறா?

இரண்டும் ஒன்றே. ‘பரலோகராஜ்யம்’ என்ற தொடர் புதிய ஏற்பாட்டில் மத்தேயுவில் மட்டுமே, 32 முறை வருகிறது. மற்ற சுவிசேஷகர்கள் ‘தேவனுடைய ராஜ்யம்’ என்று எழுதும் அதே உவமைகளில் மத்தேயு ‘பரலோகராஜ்யம்’ என்று எழுதுகிறார். தேவனுடைய நாமத்தைப் பயபக்தியால் நேராகச் சொல்லாமல் ‘பரலோகம்’ என்று சொல்லும் யூத வழக்கமே இதற்குக் காரணம் என்று பொதுவாக விளக்குவார்கள். வானத்துக்குரிய ஆட்சியையும் பூமியின் அரசுகளையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டவே மத்தேயு இப்படி எழுதினார் என்று கருதுவோரும் உண்டு. இரண்டும் வெவ்வேறு என்று பிரித்துப் போதிக்கிறவர்கள் மத்தேயு 19:23, 24 ஆகிய அடுத்தடுத்த இரண்டு வசனங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஐசுவரியவானைப் பற்றிய ஒரே பேச்சில், முதல் வசனத்தில் ‘பரலோகராஜ்யம்’ என்றும் அடுத்ததில் ‘தேவனுடைய ராஜ்யம்’ என்றும் இயேசு சொல்லுகிறார்.

அப்படியானால் அது நாம் மரித்தபின் போகும் இடம் இல்லையா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுவே. ‘பரலோகராஜ்யம்’ என்ற சொல்லை அடக்க ஆராதனைகளிலேயே அதிகமாகக் கேட்டு வளர்ந்ததால், அது மேலே எங்கோ இருக்கும் ஓர் ஊர் என்றும், இங்கே ஒழுங்காக வாழ்ந்தால் அங்கே இடம் கிடைக்கும் என்றும் நம்மில் பலர் சிறுவயதிலிருந்தே எண்ணிவந்திருக்கிறோம். ஜெபத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள். நாங்கள் உம்முடைய ராஜ்யத்துக்குப் போவோமாக என்று இயேசு கற்றுக்கொடுக்கவில்லை. ராஜ்யம் வருவதாக என்றே கற்றுக்கொடுத்தார். அசைவு மேலிருந்து கீழ்நோக்கி நடக்கிறது. வேதாகமத்தின் கடைசி அதிகாரங்களிலும், மனிதர்கள் பூமியைவிட்டு ஏறிப்போவதை யோவான் காணவில்லை. புதிய எருசலேம் தேவனிடத்திலிருந்து இறங்கி வருவதையும், “மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது” என்று அறிவிக்கப்படுவதையும் காண்கிறார்.

இதனால் மரித்தவர்களைக் குறித்த நம்பிக்கை எவ்விதத்திலும் குறைவதில்லை. கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் அவரோடிருக்கிறார்கள் என்பதும், அவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்பதும் சபையின் அறிக்கை. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்பவர்களோடே கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து பந்தியிருப்பார்கள் என்று இயேசு சொன்னது அந்த நம்பிக்கையைப் பற்றியதே. ஆனால் தேவனுடைய ராஜ்யத்தை மரணத்துக்குப் பின்னால் மட்டுமே தள்ளிவைத்தால், குஷ்டரோகியைத் தொட்டதும், ஆயக்காரரோடு உட்கார்ந்து உண்டதும், கூனியான ஸ்திரீயை ஓய்வுநாளில் நிமிர்த்தியதும் ராஜ்யத்தோடு தொடர்பற்ற இரக்கச் செயல்களாகிவிடும். இயேசு அவற்றை அப்படிப் பார்க்கவில்லை. காவலில் இருந்த யோவான் ஸ்நானன் ஆள் அனுப்பி “வருகிறவர் நீர்தானா” என்று கேட்டபோது, குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று அவற்றையே விடையாக அனுப்பினார்.

இயேசுவுக்கு முன்பே இந்த எண்ணம் இருந்ததா?

இருந்தது, அதனால்தான் அவர் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லாமலே பேசத் தொடங்க முடிந்தது. “கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார்” என்று 93, 97, 99ஆம் சங்கீதங்கள் தொடங்குகின்றன. இஸ்ரவேலர் மற்ற ஜாதிகளைப் போல ஒரு ராஜா வேண்டும் என்று சாமுவேலிடம் கேட்டபோது, அவர்கள் உன்னையல்ல, என்னையே தள்ளினார்கள் என்று கர்த்தர் சொன்னதாக 1 சாமுவேல் 8ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது. பின்பு கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் எருசலேமை இடித்து, தாவீதின் சிங்காசனத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். சிறையிருப்பின் முடிவில் பேசும் ஏசாயா 52:7 நற்செய்தி கொண்டுவருகிறவனை மலைகளின்மேல் ஓடிவரும் தூதனாகக் காட்டுகிறது. அவன் சீயோனுக்குச் சொல்லும் செய்தி “உன் தேவன் ராஜரிகம்பண்ணுகிறார்” என்பதே. தானியேல் 7ஆம் அதிகாரத்தில் மிருகங்களைப் போன்ற பேரரசுகளுக்குப் பின் மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவருக்கு நித்திய கர்த்தத்துவம் கொடுக்கப்படுகிறது.

கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமுக்குள் நுழைந்ததிலிருந்து யூதர்கள் ரோமரின் பிடியில் இருந்தார்கள். கி.பி. 6இல் குடிமதிப்பு எழுதப்பட்டபோது, தேவனைத் தவிர வேறு எஜமான் இல்லை என்று சொல்லி கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்தான். அதே கலிலேயாவில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து “தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று” என்று ஒருவர் அறிவித்தால், கேட்டவர்களின் மனது எங்கே ஓடியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

ராஜ்யம் வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா?

இரண்டும் வேதத்தில் இருக்கின்றன. “நான் தேவனுடைய ஆவியினாலே பிசாசுகளைத் துரத்துகிறபடியால், தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே” என்று மத்தேயு 12:28இல் இயேசு சொல்லுகிறார். அதே இயேசு கடைசி இராப்போஜனத்தில், தேவனுடைய ராஜ்யத்தில் புதிதாய் பானம்பண்ணும் நாள்வரைக்கும் திராட்சப்பழரசத்தை இனிப் பானம்பண்ணுவதில்லை என்று, இன்னும் வராத ஒரு நாளைக் குறித்துப் பேசுகிறார்.

கடந்த நூற்றாண்டின் வேத ஆய்வில் பெரும் விவாதம் ஒன்று இதைச் சுற்றியே நடந்தது. 1892இல் ஜெர்மன் அறிஞர் யோஹன்னஸ் வைஸ், இயேசு அறிவித்த ராஜ்யம் மனிதரின் நல்லொழுக்க வளர்ச்சி அன்று, உலகத்தின் முடிவில் தேவனே கொண்டுவரும் திடீர் மாற்றம் என்று எழுதினார். 1906இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் அதை இன்னும் தீவிரமாக எடுத்துரைத்தார். 1935இல் வேல்ஸ் நாட்டவரான சி. எச். டாட் நேர் எதிராக, இயேசுவின் ஊழியத்திலேயே ராஜ்யம் வந்துசேர்ந்துவிட்டது என்றார். 1946இல் ஆஸ்கர் குல்மன் அப்போது முடிந்திருந்த போரிலிருந்தே ஓர் உவமையை எடுத்தார். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோதே போரின் போக்கு தீர்மானமாகிவிட்டது. ஆனால் 1945 மே மாதம்வரை சண்டை ஓயவில்லை. கிறிஸ்துவின் சிலுவையும் உயிர்த்தெழுதலும் தீர்மானமான அந்தப் போர். அவருடைய வருகை வெற்றியின் நாள். நாம் வாழ்வது இடைப்பட்ட காலத்தில். ‘ஏற்கெனவே வந்தது, இன்னும் நிறைவாகவில்லை’ என்ற இந்த விளக்கத்தையே இன்று பெரும்பாலான சபைகள் ஏதோ ஒரு வடிவில் போதிக்கின்றன. விளக்கத்தை நானும் ஏற்கிறேன். போர் உவமையைத்தான் அளவோடு பயன்படுத்துவேன். இயேசு தம் ராஜ்யத்துக்குப் படையெடுப்பை உவமையாக எடுக்கவில்லை, விதையை எடுத்தார்.

“தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே” என்பதால் அது உள்ளத்தில் உணரும் சமாதானம் மட்டும்தானா?

லூக்கா 17:21இன் ‘என்தோஸ் ஹ்யூமோன்’ என்ற கிரேக்கத் தொடரை ‘உங்களுக்குள்’ என்றும் மொழிபெயர்க்கலாம், ‘உங்கள் நடுவில்’ என்றும் மொழிபெயர்க்கலாம். இயேசு யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்று பார்த்தால் தெரிவு எளிதாகிறது. ராஜ்யம் எப்பொழுது வரும் என்று கேட்டவர்கள் அவரை எதிர்த்த பரிசேயர். அவர்களுடைய உள்ளங்களில் அது ஏற்கெனவே குடியிருக்கிறது என்று அவர் சொல்லியிருப்பார் என எண்ணுவதைவிட, நீங்கள் அடையாளம் தேடிக்கொண்டிருக்கும் காரியம் உங்கள் கண்முன்னே, உங்கள் நடுவில் நிற்கிறதே என்று சொன்னார் என்பதே பொருந்துகிறது. மூன்றாம் நூற்றாண்டில் வேத உரையாசிரியர் ஓரிகன் கிறிஸ்துவை ‘தாமே ராஜ்யமானவர்’ என்று ஒரே சொல்லில் அழைத்ததும் இந்தக் கருத்தில்தான். உள்ளான சமாதானம் ராஜ்யத்தின் கனி. ராஜ்யம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுவதில்லை.

இயேசு இதை ஏன் உவமைகளாகவே சொன்னார்?

வரையறை கொடுத்திருந்தால், கேட்டவர்கள் தங்கள் மனதில் ஏற்கெனவே இருந்த ராஜ்யத்துக்கு அந்த வரையறையைப் பொருத்திக்கொண்டு போயிருப்பார்கள். உவமை அந்த மனச்சித்திரத்தையே கலைத்துவிடுகிறது.

கடுகு விதையை எடுத்துக்கொள்வோம். எசேக்கியேல் 17ஆம் அதிகாரத்தில் கர்த்தர் உயர்ந்த மலையின்மேல் ஒரு கேதுருக் கிளையை நடுகிறார். அது மகத்தான மரமாகிச் சகலவிதப் பறவைகளும் அதன் நிழலில் தங்குகின்றன. வேதம் அறிந்த எந்த யூதருக்கும் தேவனுடைய ராஜ்யம் என்றால் அந்தக் கேதுருதான். இயேசு பறவைகளையும் நிழலையும் அப்படியே வைத்துக்கொண்டு, கேதுருவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆளுயரமோ அதைவிடச் சற்று அதிகமோ வளரும் ஒரு செடியை வைக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் முகம் சுளித்திருப்பார்கள்.

புளித்த மாவின் உவமை ஒரே வசனம்: “பரலோகராஜ்யம் புளித்தமாவுக்கு ஒப்பாயிருக்கிறது, அதை ஒரு ஸ்திரீ எடுத்து, முழுவதும் புளிக்கும்வரைக்கும், மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள்.” இங்கே ‘படி’ என்பது நம் வீட்டுப் படி அன்று. மூலத்திலுள்ள அளவு மூன்று ‘சாத்தா’. கூட்டினால் ஏறத்தாழ 40 லிட்டர் மாவு. ஒரு குடும்பத்தின் ஒருநாள் அப்பத்துக்கு அவ்வளவு தேவையில்லை. நூறு பேருக்கு மேல் உண்ணலாம். மம்ரேயிலே வந்த மூன்று விருந்தாளிகளுக்கு அப்பம் சுட ஆபிரகாம் சாராளிடம் எடுக்கச் சொன்னதும் இதே மூன்று அளவு மாவு. அந்தப் பெண்ணைச் சற்று அருகில் நின்று பாருங்கள். முந்தின முறை பிசைந்ததிலிருந்து மீத்துவைத்த புளித்த உருண்டை ஒன்று அவள் கையில் இருக்கிறது. தொட்டி நிறைய மாவு. முழங்கைவரை உள்ளே விட்டுப் பிசைகிறாள். பிசைந்து முடித்தபின் எது பழைய மாவு, எது புதியது என்று அவளாலேயே பிரிக்க முடியாது. ‘அடக்கிவைத்தாள்’ என்று தமிழில் உள்ள இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘ஒளித்துவைத்தாள்’ என்று பொருள்படும் சொல். பஸ்காவுக்கு முன் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடி வெளியேற்ற வேண்டிய புளித்தமாவை இயேசு தேவனுடைய ஆட்சிக்கு ஒப்பிடுகிறார். அதுவும் ஆலயத்தில் நிற்கும் ஆசாரியனைக் காட்டாமல், சமையற்கட்டில் நிற்கும் ஒரு பெண்ணின் கையைக் காட்டுகிறார். இந்த ஒரு வசனத்தை விளக்கவே ஒரு வகுப்பு முழுவதும் போதாமல் போனதுண்டு.

மாற்கு மட்டுமே எழுதும் மூன்றாவது ஒன்று: மனுஷன் விதைத்துவிட்டு இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்க, “அவனுக்குத் தெரியாதவிதமாய்” விதை முளைத்துப் பயிராகிறது, நிலம் தானாய்ப் பலன் கொடுக்கிறது. உழவன் உழைக்கிறான், ஆனால் முளைக்கச் செய்கிறவன் அவனல்ல.

ராஜ்யத்தில் யார் பிரவேசிப்பார்கள்?

சிறு பிள்ளையைப்போல ஏற்றுக்கொள்ளுகிறவர்கள் என்று மாற்கு 10:15 சொல்லுகிறது. அக்காலத்தில் பிள்ளைக்கு உரிமையோ மதிப்போ கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பிள்ளையின் கள்ளமற்ற குணத்தை இந்த வசனத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் வசனம் அதன் வெறுங்கையைத்தான் காட்டுகிறது. “ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்” என்று நிக்கொதேமுவிடம் சொல்லப்பட்டதும் இதையொட்டியதே: யாரும் தன்னைத்தான் பிறப்பித்துக்கொள்வதில்லை.

ஐசுவரியவான் பிரவேசிப்பதைப்பார்க்கிலும் ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்ற வசனத்துக்கு, எருசலேமில் ‘ஊசியின் காது’ என்றொரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் அதற்குள் போய்விடலாம் என்று பிரசங்கங்களில் ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை; பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த கதை அது. சீஷர்கள் “மிகவும் ஆச்சரியப்பட்டு” அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்டதும், மனுஷரால் இது கூடாதது என்று இயேசு விடை சொன்னதும், அவர் கூடாத காரியத்தைத்தான் பேசினார் என்பதைக் காட்டுகின்றன. வசனத்தின் கூர்மையை நாம் மழுக்கக் கூடாது.

ஆனால் இந்தக் கேள்விக்கு முழு விடை மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டத்தில் இருக்கிறது. வீட்டெஜமான் அதிகாலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று பேசி ஆட்களை அமர்த்துகிறான். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று மறுபடியும் மறுபடியும் போகிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் போய், அங்கே இன்னும் நிற்கிறவர்களைக் கண்டு, ஏன் பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள். அந்த நேரத்திலும் வீடு திரும்பாமல் நிற்கிறவன் சோம்பேறி அல்லன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாதவன். ஒரு பணம் என்பது அன்றைக்கு அடுப்பு எரிவதற்கான கூலி; அதில் பாதியைக் கொண்டு குடும்பம் பாதி வயிறுதான் உண்ணும். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களுக்கு முதலில், முழுப் பணமும் கொடுக்கப்படுகிறது. காலையிலிருந்து வெயிலைச் சகித்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்; நியாயக் கணக்குப்படி அவர்கள் பேச்சு சரிதான். எஜமான் கணக்கைப் பொய்யாக்கவில்லை, அவர்களுக்கும் பேசிய கூலியைக் குறைக்கவில்லை. “நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா” என்றுதான் கேட்கிறான். தேவனுடைய ஆட்சியில் தேவையே கூலியின் அளவாகிறது. இதைக் கேட்டு மகிழ்கிறவனும், இதைக் கேட்டு மனம் புழுங்குகிறவனும் தான் எந்த வரிசையில் நிற்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதை அங்கேயே தெரிந்துகொள்கிறான்.

“சிலர் மரணத்தை ருசிபார்ப்பதில்லை” என்று இயேசு சொன்னது நடக்கவில்லையே?

மாற்கு 9:1 பலரை உறுத்தும் வசனம். இங்கே நிற்கிறவர்களில் சிலர் தேவனுடைய ராஜ்யம் பலத்தோடே வருவதைக் காணுமுன் மரிப்பதில்லை என்று அவர் சொல்லுகிறார். ஷ்வைட்சர் போன்றவர்கள், இயேசு முடிவை உடனே எதிர்பார்த்தார், அது வரவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். திருச்சபையின் பழைய உரையாசிரியர்கள் பலர் அடுத்த வசனத்தைச் சுட்டினார்கள்: ஆறு நாளைக்குப் பின் மூன்று சீஷர்கள் மலையின்மேல் அவருடைய மகிமையைக் கண்டார்கள். உயிர்த்தெழுதலையும் பெந்தெகொஸ்தேயையும் சொல்லுகிறவர்களும், கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்ததைச் சொல்லுகிறவர்களும் உண்டு. ‘பலத்தோடே’ என்ற சொல் உயிர்த்தெழுதலுக்கே அதிகம் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ரோமர் 1:4இல் பவுலும் உயிர்த்தெழுதலைப் பேசும்போது பலத்தையே சொல்லுகிறார். அந்த நாளையும் அந்த நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32இல் இயேசுவே சொல்லியிருப்பதால், தேதி குறிக்கிறவர்களை எவ்விதத்திலும் நம்ப வேண்டியதில்லை.

சபைதான் தேவனுடைய ராஜ்யமா?

சபை ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஆனால் சபையே ராஜ்யம் அன்று. 410இல் கோத்தியர் ரோம் நகரைச் சூறையாடியபின் எழுதிய வட ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீன், இப்போதும் சபை கிறிஸ்துவின் ராஜ்யமே என்று ஓரிடத்தில் சொன்னார். அங்கேயே அதற்குள் களைகளும் கோதுமையோடு வளருகின்றன என்றும் சேர்த்துச் சொன்னார். பின்வந்தவர்கள் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டதால் வந்த கேடுகள் அதிகம். 1902இல் பிரெஞ்சுக் கத்தோலிக்க அறிஞர் ஆல்ஃப்ரெட் லுவாசி, இயேசு ராஜ்யத்தை அறிவித்தார், வந்ததோ சபை என்று எழுதிய வாக்கியத்தை இன்று ஏளனமாக மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் சபையின் தேவையை நிலைநாட்டவே அதை எழுதினார். 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், சபை மண்ணுலகில் இறையாட்சியின் வித்தும் தொடக்கமுமாக இருக்கிறது என்று அளவோடு சொன்னது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் நற்கருணை ஆராதனை “பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் ராஜ்யம் துதிக்கப்படுவதாக” என்று தொடங்குகிறது; பந்தியில் கூடுகிறவர்கள் வரப்போகும் ராஜ்யத்தை அங்கே முன்சுவைக்கிறார்கள் என்பது அவர்களது போதனை.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்ற லெஸ்லி நியூபிகின், சபையை ராஜ்யத்தின் அடையாளம், கருவி, முன்சுவை என்ற மூன்று சொற்களால் விளக்கிவந்தார். மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். முன்சுவை இல்லாத இடத்தில் கருவி வெறும் நிறுவனமாகிவிடுகிறது.

“என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல” என்றால் அரசியலுக்கும் அதற்கும் தொடர்பில்லையா?

பிலாத்துவிடம் சொன்ன இந்த வாக்கியத்தை முழுவதும் வாசிக்க வேண்டும்: “என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதானால் நான் யூதரிடத்தில் ஒப்புக்கொடுக்கப்படாதபடிக்கு என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே.” கிரேக்கத்தில் ‘இவ்வுலகத்திலிருந்து வந்ததல்ல’ என்பதே நேர்ப்பொருள். ராஜ்யத்தின் ஊற்றும் அது நடக்கும் முறையும் வேறு என்கிறார். இவ்வுலகத்தை அது தொடாது என்று சொல்லவில்லை. தொடாதென்றால் பிலாத்து கவலைப்படவும், சிலுவையின்மேல் “யூதருடைய ராஜா” என்று எழுதவும் காரணமில்லை.

இரண்டு பக்கமும் வழுக்கியவர்கள் வரலாற்றில் உண்டு. 1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய மறுஞானஸ்நானக் குழுவினர் அதைப் புதிய எருசலேம் என்று அறிவித்து, ஒருவனை ராஜாவாக்கி, வாளால் தேவனுடைய ராஜ்யத்தை நடத்த முயன்றார்கள். அடுத்த ஆண்டு எல்லாம் இரத்தத்தில் முடிந்தது. தேவன் சுவிசேஷத்தாலும் ஆளுகிறார், அரசு அதிகாரத்தாலும் ஆளுகிறார் என்று 1523இல் லூத்தர் பிரித்துக் காட்டியது அறிவுள்ள போதனை; ஆனால் பின்னாளில் அதைத் திரித்து, அரசு செய்வதில் சபை தலையிடக் கூடாது என்று ஹிட்லரின் காலத்தில் பலர் ஒதுங்கி நின்றார்கள். 1934இல் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய புராட்டஸ்டண்ட் சபையார், கிறிஸ்துவுக்கு உட்படாமல் வேறு எஜமானர்களுக்கு உரியதாக நம் வாழ்வில் எந்தப் பகுதியும் இல்லை என்று அறிக்கை செய்தது அதற்கு மறுமொழியாகத்தான்.

நாம் தேவனுடைய ராஜ்யத்தைக் கட்டுகிறோம் என்று சொல்லலாமா?

ஊழிய அறிவிப்புகளில் ‘ராஜ்யத்தைக் கட்டுவோம்’ என்ற சொல் எளிதாக வந்துவிடுகிறது. புதிய ஏற்பாட்டில் அந்த வினைச்சொல் ராஜ்யத்தோடு சேர்ந்து வருவதே இல்லை. ராஜ்யத்தைத் தேடலாம், ஏற்றுக்கொள்ளலாம், அதில் பிரவேசிக்கலாம், அதைச் சுதந்தரிக்கலாம், அறிவிக்கலாம், அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பைப் போல அதற்காகக் காத்திருக்கலாம். கட்டுகிறவர் தேவன்.

19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் இறையியலர் பலர், மனிதகுலம் அன்பினால் ஒழுங்குபட்டு வளருவதே ராஜ்யம் என்று போதித்தார்கள். 1914இல் தொடங்கிய போர் அந்த நம்பிக்கையை அகழிகளில் புதைத்தது. ஆயினும் நியூயார்க் சேரியில் குழந்தைகளின் சவப்பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து, பாவம் தனிமனிதனில் மட்டுமல்ல, கூலியிலும் வாடகையிலும் சட்டத்திலும் குடியிருக்கிறது என்று எழுதிய அமெரிக்கப் போதகர் வால்டர் ராவுஷென்புஷ் போன்றவர்களின் குரலை இதைச் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. “முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்” என்ற வசனத்தில் நீதி ராஜ்யத்தோடு பிணைந்தே நிற்கிறது. உழவன் முளைக்கச் செய்வதில்லை. அதற்காக விதைக்காமலும் இருப்பதில்லை.

ஆயிரவருட அரசாட்சி என்பது என்ன?

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் மட்டுமே சொல்லப்படும் ஆயிரவருடத்தை, கிறிஸ்துவின் வருகைக்குப் பின் பூமியில் நடக்கும் ஆட்சி என்று கொள்கிறவர்கள் உண்டு. இப்போது நடக்கும் சபையின் காலம் என்று அகுஸ்தீனைப் பின்பற்றிக் கொள்கிறவர்களும் உண்டு. எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடுவது கி.பி. 381இன் நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் உள்ளது: அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை.

“ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்” என்ற கடைசி வரி சில சபைகளில் ஏன் சொல்லப்படுவதில்லை?

மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை, லூக்காவிலும் இல்லை. ஆதிச்சபையார் ஜெபத்தை அந்தத் துதியோடு முடித்துவந்தார்கள், பிற்காலப் பிரதிகளில் அது சேர்ந்துகொண்டது. கத்தோலிக்கர் திருப்பலியில் அதைக் குருவின் மன்றாட்டுக்குப் பின் தனியே சொல்லுகிறார்கள்.

அப்படியானால் “வருவதாக” என்று ஜெபிக்கும்போது நாம் எதைக் கேட்கிறோம்?

முடிவில் வரப்போவது இன்றைக்கே நம்மைத் தொட வேண்டும் என்று கேட்கிறோம். அடுத்த விண்ணப்பத்திலேயே இது தெரிகிறது. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்பதில் ‘வேண்டிய’ என்று மொழிபெயர்க்கப்பட்ட ‘எபியூசியோஸ்’ என்னும் கிரேக்கச் சொல், இந்த ஜெபத்துக்கு வெளியே கிரேக்க எழுத்துகளில் ஏறக்குறைய எங்குமே காணப்படாதது. அதன் பொருளைக் குறித்து ஆதிகாலத்திலிருந்தே அறிஞர்கள் தடுமாறியிருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், தாம் கண்ட எபிரெயர் சுவிசேஷத்தில் அந்த இடத்தில் ‘மஹார்’, அதாவது ‘நாளை’ என்ற சொல் இருந்தது என்று குறித்துவைத்திருக்கிறார். அதன்படி வாசித்தால், “நாளைய அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்றாகிறது. தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம்பண்ணுகிறவன் பாக்கியவான் என்று லூக்கா 14இல் ஒருவன் பந்தியில் சொன்னானே, அந்தப் பந்தியின் அப்பம் அது. கடைத்தெருவில் பொழுது சாயும்வரை நின்றவன் கையில் விழுந்த முழுப் பணத்தைக் கொண்டு அன்றிரவு வாங்கிய அப்பமும் அதுவே என்று நான் வாசிக்கிறேன்.